பியூலா மேடம் போட்ட அம்புக்குறிகள்

செய்தி வந்தபோது என் போன் என்னிடம் இல்லை. பெருந்துறைப் பக்கம் ஒரு சாய ஆலைக்குத் துணி பார்க்கப் போயிருந்தேன். அங்கே போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே இருந்த நேரமெல்லாம் கண் துணியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனம் பியூலா மேடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. முந்தைய ஞாயிற்றுக்கிழமை என் புதுக் கதையை அவர் நார் நாராகக் கிழித்திருந்தார். ஒரு நகரத்தைக் காக்கும் கண்ணுக்குத் தெரியாத சுவர்; அதை உண்டாக்கும் எந்திரம் அழிந்த பிறகும் சுவர் அப்படியே நிற்கிறது என்று எழுதியிருந்தேன். “மூலமே போயிருச்சு. அப்பறம் சுவரு எப்படீங்க நிக்குது?” என்று கேட்டார். அதற்குப் பதில் அன்றைக்குத்தான், சாய ஆலைக்குள் வைத்துத் தோன்றியது. வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கூப்பிட்டுச் சொல்லி அவர் வாயை அடைத்துவிட வேண்டும் என்று குஷியாக வந்தேன்.

“ஏனுங்க சார், உங்க போனு கத்திக்கிட்டே கெடந்துச்சுங்க. எடுத்துப் பேசலாமா வேண்டாமான்னு தெரியலீங்க,” என்றார் செக்யூரிட்டி.

நம் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தின் வாட்ஸாப் குழுவில் எல்லோரும் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தீர்கள். பியூலா மேடம் காலையில் கல்லூரிக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அப்படிப் பார்த்தால், நான் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் இல்லை. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இவ்வளவு நேரம் எனக்கு மறுத்துப் பேசிக்கொண்டிருந்தது யார்?

இதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது என்பது வண்டியில் ஏறிய பிறகு நினைவுக்கு வந்தது. எப்போதோ ஒரு கூட்டத்தில் சொன்னது. “ஒரு மின்னூட்டத்த இங்கிருந்து நகத்திட்டோம்னு வைங்க. அந்தச் சேதி தூரத்துல இருக்கறவனுக்கு உடனே போகாதுங்க. ஒளி போற வேகத்துலதான் போகும். அது போய்ச் சேர்ற வரைக்கும் அங்க இருக்கற மின்புலம் பழைய எடத்தையே காட்டிக்கிட்டு இருக்கும்.” “அப்படியானால் அது காட்டுவது பொய்யா?” என்று நான் மடக்கினேன். “பொய்யில்லீங்க. பழைய உண்மை,” என்றார்.

அவரைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லேபிள் அச்சடிக்கும் கடையின் மாடியில் நாம் கூடத் தொடங்கிய காலத்தில், அறிவியல் புனைகதை வாசிக்க வந்தவர்களில் அறிவியல் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. நான் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு ஆர்டரை வாங்கி, துணியின் பின்னால் ஊர் ஊராக ஓடுகிற வேலை. மற்றவர்களும் அந்த ரகம்தான். இந்தக் கூட்டத்துக்குள், உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தும் அம்மையார் ஒருவர் கைத்தறிச் சேலையும் தோளில் துணிப்பையுமாக பஸ் பிடித்து வந்து உட்கார்ந்தார். சொந்த ஊர் சோமனூர். அப்பா விசைத்தறி வைத்திருந்தவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதாலோ என்னவோ, மெதுவாகப் பேச அவருக்கு வராது. வாரம் தவறாமல் சர்ச் முடிந்த கையோடு நம் மாடிக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, நாம் எழுதியதையெல்லாம் ஒரு கை பார்ப்பார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘எழுத்தாளரே’ என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்பது கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத சுவர் என் பழைய பைத்தியம். அவர் வந்த புதிதில் வாசித்த கதையிலும் அது இருந்தது. எதிரியின் குண்டு பட்டால் நீலமாக மினுங்கும்.

“சுவருக்குள்ள வெயில் அடிக்குதுங்களா?” என்று கேட்டார்.

“அடிக்கும்.”

“அப்ப வெளிச்சம் உள்ள வருது. எதிரியோட லேசரும் வெளிச்சந்தானுங்க. அது மட்டும் எப்படி வெளிய நிக்குது? சரி, காத்து வருமா?”

“வரும்.”

“விஷப்புகை?”

“வராது,” என்றேன். குரல் தாழ்ந்துவிட்டது எனக்கே தெரிந்தது.

“வர்றவங்க எல்லாரையும் நம்மாளா எதிரியான்னு விசாரிச்சு விடுதுங்களா? ஏனுங்க எழுத்தாளரே, அது சுவர் இல்லீங்க. வாட்ச்மேன். புலத்துக்கு ஆள் தெரியாதுங்க.”

எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, அப்படியானால் புலம் என்றால் என்ன, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் எழுந்து, அறையின் நடுவே காலியாக இருந்த இடத்தைக் கையால் காட்டினார். “இந்த ரூமுல ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு பதில் இருக்குதுங்க. இங்க ஒரு மின்னூட்டம் வந்தா அத எந்தப் பக்கம் தள்ளணும், எவ்வளவு பலமாத் தள்ளணும்கற பதில். யாரும் வராட்டியும் அந்தப் பதில் அங்கயே இருக்கும். அதுக்குப் பேருதான் புலம்.” அது எங்கே முடிகிறது என்று யாரோ கேட்டீர்கள். “முடியறதே இல்லீங்க. கொறையும். கொறைஞ்சுக்கிட்டே போகும். ஒன்னுமில்லாமப் போகாது,” என்றார். அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது, தெருவில் ஆள் இல்லாத ஒவ்வொரு இடமும் எனக்கென்று ஏதோ முடிவெடுத்து வைத்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. பேய்க்கதை படித்துக்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

இனிமேல் சொல்லப்போவது உங்களில் சிலருக்குப் பாதி தெரியும். ஒரு தை மாதத்தில் நடந்தது.

எங்கள் நிறுவனம் விளையாட்டு உடைக்கான பாலியஸ்டர் துணியை ஓர் ஆலைக்கு அனுப்பும். அங்கே ஸ்டென்டர் என்று ஒரு மெஷின் உண்டு. துணியை அகலமாக விரித்து, சூடான அறைகள் வழியாக ஓட்டி, மறுமுனையில் பெரிய உருளையில் சுற்றித் தரும். அந்த மறுமுனையில், சுற்றும் உருளைக்கும் அடுக்கி வைத்த துணி ரோல்களுக்கும் நடுவே ஓர் ஆள் போகிற சந்து. ஆலையின் மேனேஜர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். “சார், ஆளுங்க ஸ்டென்டர் கடைசிக்குப் போகவே மாட்டேங்கறாங்க. உங்க சரக்கு அப்படியே நிக்குதுங்க.” ஏன் என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தச் சந்தில் யாரோ நிற்கிறார்களாம். கண்ணுக்குத் தெரியவில்லை. கிட்டே போனால் முகத்தில் சிலந்தி வலை படிகிறது. கை மயிர் எழுந்து நிற்கிறது. நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போலிருக்கிறது.

இதோடு போயிருந்தால் ஒரு பூசை போட்டு முடித்திருப்பார்கள். அங்கே ரோல் கட்டும் வேலையில் இசக்கியம்மாள் என்ற பெண் இருந்தார். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஆலையின் விடுதியில் தங்கியிருந்தவர். ஊரில் அவருடைய அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். அது நல்லபடியாக முடிய வேண்டும் என்று பழனிக்கு மாலை போட்டிருந்தார். பாதயாத்திரை போய்வரும் வரை செருப்புப் போடக் கூடாது. எல்லோரும் ஷூ போட்ட ஆலைக்குள் அவர் மட்டும் வெறுங்காலோடு நடந்தார். அவரை யார் தொட்டாலும் சுளீரென்று ஷாக் அடித்தது. முதலில் சாமி இறங்கியிருக்கிறது என்று கும்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரமே பேச்சு மாறிவிட்டது. ஏனென்றால் அந்தச் சந்து மற்றவர்களைத் தள்ளியது. இசக்கியை மட்டும் தள்ளவில்லை. “எங்களத் தள்ளுதுங்க. அவள இழுக்குது. அது அவளுக்காகத்தானுங்க வந்திருக்குது,” என்றார்கள். விடுதியில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்கள் கட்டிலை நகர்த்திக்கொண்டார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துத் தள்ளினார்கள். மேனேஜர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: ஷூ போடு, இல்லையென்றால் வார முடிவில் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போ.

நான் இதை நம் வட்டத்தில் ஒரு கதைக்கரு போலத்தான் சொன்னேன். பியூலா மேடம் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்த மில்லுல எல்லாரும் எப்ப இருந்துங்க ஷூ போடறாங்க?”

எனக்குத் தெரிந்த விஷயம்தான். தீபாவளிக்கு முன்னால் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர்கள், ஆலைக்குள் எல்லோரும் ரப்பர் அடிப்பாகம் வைத்த ஷூ போட வேண்டும், வழுக்கும் என்பதால் தரையில் தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன் எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் வேலை செய்தார்கள். மெஷினுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஏறுகிற இடத்தில் செருப்போடு எப்படிப் போவது என்பது பழக்கம். காலையும் மதியமும் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றத்தில் இரண்டும் போய்விட்டன. “நாளைக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க,” என்றார்.

மதிய நேரம். தை மாதத்து வறண்ட காற்று. மேடம் தன் பையிலிருந்து ஒரு மூங்கில் குச்சியை எடுத்தார். அதன் நுனியில் ஒரு முழம் பருத்தி நூல் தொங்கியது. அதைத் தவிர அவர் கொண்டுவந்த கருவி ஒரு சாக்பீஸ் மட்டும்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேலையாட்கள் தூரத்தில் சுவரோரமாக நின்றார்கள். இசக்கி அவர்களிடமிருந்தும் தள்ளி, தனியாக ஒரு தூணருகே நின்றார்.

முதலில் எதுவும் இல்லை. நூல் நேராகத் தொங்கியது. சில எட்டு வைத்ததும் நூல் லேசாகச் சாய்ந்தது. காற்றில்லை, ஃபேனையெல்லாம் நிறுத்தச் சொல்லியிருந்தார். அவர் குனிந்து, நூல் சாய்ந்த பக்கமாகத் தரையில் ஓர் அம்புக்குறி போட்டார். நகர்ந்தார். மறுபடி ஒன்று. இப்படியே சந்தைச் சுற்றி அவர் போகப் போக, தரையெல்லாம் அம்புகள் முளைத்தன. எந்தப் பக்கம் போய்ப் போட்டாலும் எல்லா அம்பும் அந்த உருளையையே பார்த்தன. அருகே போகப் போக நூல் கிடையாகவே நின்றது, யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல. அதுவரை யாருக்கும் தெரியாமல் அங்கே இருந்த ஒன்றின் உருவம் வெள்ளைக் கோடுகளாகத் தரையில் வந்துகொண்டிருந்தது. பீகார்க்காரர் ஒருவர் “பூத், பூத்” என்று முணுமுணுத்தார். எனக்கும் அது பேயைத் தவிர வேறு எதுவாகவும் தெரியவில்லை.

“பாத்துக்குங்க,” என்று மேடம் திரும்பி, தறிச் சத்தத்தில் பழகிய அந்தக் குரலில் சொன்னார். “பாலியஸ்டர் ஓடி ஓடி அது மேல மின்னூட்டம் ஏறிக் கெடக்குதுங்க. ரப்பர் போட்டவங்க மேலயும் அதே வகை ஏறும்; எறங்கறக்கு வழியில்ல. ஒரே வகை ஒன்ன ஒன்னு தள்ளும். வெறுங்காலோட தரையில நிக்கறவங்க மேல எதிர் வகை பூமியில இருந்து ஏறி வரும். அத இழுக்கும். உங்க மேல இருக்கறது இந்தப் புள்ளை வழியா பூமிக்குப் போகுது, அதான் ஷாக். அதுக்கு ஆள் தெரியாதுங்க. காலுதான் தெரியும்.”

யாரும் நம்பவில்லை. அதை மேடம் அவர்கள் முகங்களிலேயே பார்த்திருக்க வேண்டும். குச்சியை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அந்தச் சந்துக்குள் போய் நின்றார்.

அங்கே இடி இறங்கிய பிறகு வருகிற வாடை அடித்தது. துணி ரோல்களின்மேல் ஒட்டியிருந்த பஞ்சுத் துகள்கள் எல்லாம் எழுந்து அவர் பக்கம் திரும்பின. அவருடைய காதோர நரைமுடி மெல்ல எழுந்து உருளையை நோக்கி நீண்டது. மேடம் அசையாமல் நின்றார். ஒரு விநாடி காட்டிவிட்டு வெளியே வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வரவில்லை. “பின்னால வாங்க மேடம்,” என்று கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய முந்தானை நுனி, யாரோ இரண்டு விரலால் பிடித்துத் தூக்கியது போல் எழுந்தது. எழுந்து, ஓடும் துணியில் ஒட்டியது. ஒட்டியபடியே உருளைக்குள் போனது.

ஆபரேட்டர் மெஷினை நிறுத்தும் பட்டனுக்கு ஓடினார். அது மறுபக்கம் இருந்தது. நான் நின்ற இடத்தில் உறைந்து நின்றேன். தூணருகே இருந்த இசக்கிதான் பாய்ந்தார். மேடத்தை இரண்டு கையாலும் இடுப்போடு கட்டிப் பிடித்து, தரையில் காலை ஊன்றி இழுத்தார். சேலை கிழிகிற சத்தம் கேட்டது. இருவரும் பின்னால் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் மெஷின் நின்றது.

இசக்கி இன்னும் மேடத்தை விடவில்லை. பிறகு திடீரென்று நினைவு வந்து, தன் கைகளையே பார்த்தார். “மேடம், ஒங்களுக்கு ஷாக் அடிக்கலியா?”

“இல்ல கண்ணு,” என்றார் மேடம். “நீயும் வெறுங்காலு, நானும் வெறுங்காலு.”

பாதிச் சேலை போன கோலத்தில் அவர் எழுந்து நின்றார். யாரோ ஒரு துண்டுத் துணியை எடுத்து அவர்மேல் போர்த்தினார்கள். “எல்லாரும் ஷூவக் கழட்டிட்டுத் தரையில கொஞ்ச நேரம் நில்லுங்க. அப்பறம் வந்து இந்தப் புள்ளை கையத் தொடுங்க,” என்றார். யாரும் அசையவில்லை. கடைசியில், பூத் என்று முணுமுணுத்த அந்த பீகார்க்காரர்தான் முதலில் ஷூவைக் கழற்றினார். வந்து இசக்கியின் புறங்கையை ஒற்றை விரலால் தொட்டுவிட்டு வெடுக்கென்று எடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொட்டார். பிறகு முழுக் கையையும் பிடித்துக் குலுக்கி, திரும்பி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத இசக்கி, பக்கத்துக் கட்டில் பெண் வந்து கையைப் பிடித்தபோது ஓவென்று அழுதுவிட்டார்.

கிளம்பும்போது இசக்கி எங்கள் பின்னாலேயே வாசல்வரை வந்தார். கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு, “அப்போ இது முருகன் இல்லியா மேடம்?” என்று கேட்டார்.

“அது எனக்குத் தெரியாது சாமி. இந்த நூலு எதுக்குச் சாயுதுன்னு மட்டும்தான் தெரியும்,” என்றார் சர்ச்சுக்குப் போகும் நம் மேடம். “நீ பழனிக்குப் போயிட்டு வா.”

பிறகு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கிளாஸை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முந்தானை ஆபத்து என்று உங்களுக்குத் தெரியாதா என்று நான் கோபமாகவே கேட்டேன். கோபம்தான் வந்தது, வேறு என்ன வரும்? “தெரியுமுங்க. போறதுக்கு முன்னாடி இடுப்புல சொருகணும்னு நெனச்சேன். அங்க போய் நின்னதும் மறந்து போச்சு. மறந்து போச்சுன்னு சொல்றதும் சரியில்ல. பின்னால வரணும்னே தோணலீங்க.” கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். “காரணம் தெரிஞ்சா பயம் போயிரும்னு இத்தன வருஷமாப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கறனுங்க. போகறதில்ல. காரணத்தோட சேர்ந்து உக்காந்துக்குது.” இப்படி ஒரு வாக்கியத்தைத் தன்னைப் பற்றியே சொல்லக்கூடிய ஆசிரியர் எனக்கு வேறு யாரும் வாய்க்கவில்லை.

ஆலையில் அதையெல்லாம் சரிசெய்தார்கள். துணி வெளியே வரும் இடத்தில் மின்னூட்டத்தை வடித்துவிடும் கம்பி ஒன்று உண்டு. துடைப்பதற்காகக் கழற்றியவர்கள் மறுபடி மாட்டாமல் விட்டிருந்தார்கள். அதை மாட்டி, பூமிக்குக் கம்பி இழுத்தார்கள். மின்னூட்டத்தைத் தரைக்கு விடுகிற வேறு ஷூ வாங்கினார்கள். இசக்கியின் வேலை தப்பியது. பழனிக்கு நடந்து போய்வந்தார். அம்மாவுக்குப் பார்வை வந்துவிட்டது என்று மேடத்துக்குப் பஞ்சாமிர்தம் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆனால் மேடத்தை அந்த இடம் விடவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், “இன்னொருக்கா அங்க போலாமுங்களா?” என்றார். போனோம். காற்றெல்லாம் ஈரம். அந்த ஈரத்தில் மின்னூட்டம் எங்கேயும் தங்காது. சாக்பீஸ் கோடுகள் எப்போதோ அழிந்துவிட்டிருந்தன. மேடம் குச்சியைப் பிடித்துக்கொண்டு சந்து முழுக்க நடந்தார். நூல் எங்கேயும் சாயவில்லை. ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலையாட்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் கையைச் சுரண்டி, பாருங்கள் என்றார்.

ரோலைத் தூக்கிக்கொண்டு நேராக வருகிறவர்கள், அந்த இடம் வந்ததும் லேசாக விலகி, வளைந்து, மறுபடி நேர்ப்பாதைக்கு வந்தார்கள். ஒருவர் விடாமல். அங்கே தடுப்பதற்கு எதுவும் இல்லை. மேடம் ஒருவரைக் கூப்பிட்டு, ஏன் சுற்றிப் போகிறீர்கள் என்று சைகையில் கேட்டார். ஒடிசாவிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது அவருக்கு. தமிழ் தெரியாது, தை மாதக் கதையை யாரும் சொல்லியிருக்கவும் வழியில்லை. மேனேஜர் மொழிபெயர்த்ததும் அவர் சிரித்தார். நான் எங்கே சுற்றிப் போனேன், நேராகத்தானே போனேன் என்றார். சொல்லிவிட்டு, அதே இடத்தில் மறுபடி வளைந்து போனார். முன்னால் போகிறவர் வளைவதைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் வளைந்து, அவரைப் பார்த்து அடுத்தவர் வளைந்து, இப்படி வந்திருக்க வேண்டும். இசக்கி ஒருவர் மட்டும் அதற்குள் நேராக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

“நூலு நேரா நிக்குதுங்க. ஆளுங்கதான் வளையறாங்க,” என்றார் மேடம்.

மேடத்தைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது, சோமனூரில் அவருடைய தம்பி வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் படுத்திருந்தார். குளிர்பதன மோட்டாரின் சத்தம், அதற்கு மேலே ஜெபப் பாட்டு. எல்லோரும் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தோம். அப்போது இசக்கி வந்தார். இப்போது அவர் அதே ஆலையில் சூப்பர்வைசர். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர், நேராக மேடத்தின் தம்பியிடம் போய், “அண்ணாச்சி, ஒரு நிமிசம் இதத் தெறக்கச் சொல்லுங்க,” என்றார். அவர் எதுவும் கேட்காமல் மூடியைத் தூக்கிப் பிடித்தார். இசக்கி மேடத்தின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, “அடிக்கல சார்,” என்றார். அதுவரை கட்டிவைத்திருந்த என் அழுகை அங்கேதான் உடைந்தது.

சென்ற ஞாயிறு நாம் கூடினோம். நல்ல மழை. அந்த ஜன்னலோர நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. உட்கார வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை. பக்கத்து டீக்கடையில் புதிதாகச் சேர்ந்த மாஸ்டர் தட்டோடு மேலே வந்தார். மேடத்தை அவர் பார்த்ததே இல்லை. ஜன்னல் பக்கம் இருந்தவர்களுக்கு டீ கொடுக்கப் போனவர், காலி நாற்காலிக்கு முன்னால் யாருடைய காலையோ மிதித்துவிடாமல் போவது போல ஒதுங்கி, வளைந்து போனார். நீங்களும் பார்த்தீர்கள். உங்களில் இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

அவருடைய தம்பி எனக்குக் கொடுத்திருந்த மூங்கில் குச்சியை அன்று கொண்டுவந்திருந்தேன். சிரிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் அந்த நாற்காலிக்கு எதிரே அதைப் பிடித்தேன். நூல் நேராகத் தொங்கியது. கொஞ்சமும் சாயவில்லை. எனக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று தெரியவில்லை. திரும்பினேன். அப்போதுதான் நம் நாற்காலிகளைப் பார்த்தேன். வட்டமாகப் போட்ட நாற்காலிகள் அத்தனையும் ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்தன. என் நாற்காலியும்தான். நான் எப்போது திருப்பினேன் என்பது எனக்குத் தெரியாது. தரையில் சாக்பீஸ் இல்லாமலேயே அம்புகள் விழுந்திருந்தன.

குச்சியை அவர் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அது ஒரு வீட்டில் சும்மா சாத்திவைக்க வேண்டிய பொருள் அல்ல. அவருடைய மாணவர்கள் யாராவது எடுத்துப்போகட்டும். நான் வைத்துக்கொள்வது என் நாற்காலியின் அந்தத் திருப்பத்தை. இனி எழுதும் எதையும் அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் வாசிப்பேன். வாட்ச்மேனா சுவரா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு கதையையும் முடிக்க மாட்டேன்.

அன்று இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. சாய ஆலைக்குள் எனக்குக் கிடைத்து, சொல்ல முடியாமல் போன பதில். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, அந்த நாற்காலியைப் பார்த்து உரக்கவே சொன்னேன்: “மூலம் போய்விட்டது மேடம். சுவரும் இல்லை. ஆட்கள்தான் இன்னும் வளைந்து போகிறார்கள்.”

சொல்லிவிட்டு, வழக்கம்போல் அவர் மறுத்துப் பேசுவதற்காகக் காத்திருந்தேன். நீங்களும் காத்திருந்தீர்கள்.